நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லீராதீங்க

ஏங்கண்ணு, வெப்சைட்டுக்கு டிசைன் போட்டு முடிச்சுட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு வெச்சு 'எப்படி இருக்குதுங்க'ன்னு கேக்கறியாமா? உன்ற தைரியத்தை மெச்சோணும். நம்ம சேலம் நாமக்கல் சீமையில தண்ணிக்குப் பஞ்சம் வந்திருக்குது, கருத்துக்கு வந்ததில்ல. மேட்டூர் டேம் வத்திப் பண்ணவாடியில நந்தி தலை வெளிய தெரிஞ்ச வருசத்துலகூட, டீக்கடை பெஞ்சியில கருத்து கரைபொரண்டுதான் ஓடுச்சு.

இளம்பிள்ளையில சேலை யாவாரம் பண்ணறவரு ஒருத்தரு வெப்சைட்டு போடறாருன்னு வெச்சுக்கோ. நீ லேப்டாப்பைத் தொறந்து வெக்கறே. மச்சான்காரரு ஒரு பார்வை பாத்துப்போட்டு 'பளிச்சுன்னு இல்லியே' ங்கறாரு. சகலை 'லோகோவை இன்னும் பெருசு பண்ணு' ங்கறாரு. சித்தப்பா, அப்பாரு போட்டோவை மாலையோட மொதப் பக்கத்துல வெக்கச் சொல்லறாரு. காலேஜ் போற பையன் எழுத்தெல்லாம் பறந்து வரோணும்ங்கறான். கடைக்காரரு எல்லாருத்துக்கும் தலையாட்டறாரு. ஏன்னா நாளைக்கு நோம்பிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சோறு திங்கோணுமல்லோ!

இதுல சேலை வாங்கறவங்க யாரு? திருநெல்வேலிப் பக்கம் ஒரு அம்மிணி. கையில கீறல் விழுந்த போனு. அதுக்குத் தெரிய வேண்டியது நாலே சங்கதி. ரவிக்கைத் துணி சேத்தியா? படத்துல இருக்கற கலருதான் வெயில்லயும் இருக்குமா? எத்தனை நாள்ல வந்து சேரும்? நூலு இழுத்திருந்தா திருப்பி எடுத்துக்குவாங்களா? இந்த நாலும் அந்தப் பக்கத்துல எங்க இருக்குதுன்னு மச்சானும் கேக்கல, சகலையும் கேக்கல. அவங்க மேல தப்பில்ல கண்ணு. அவங்க சேலை வாங்க வரல, கருத்துச் சொல்ல வந்தாங்க.

உபயோகமான கருத்து எப்படி இருக்கும்னு தெரியோணும்னா, ஊரறிஞ்ச கதை ஒண்ணு இருக்குது. 2024 நவம்பர் 19ஆம் தேதி எல்ஐசி வெப்சைட்டைத் தொறந்தா மொதப் பக்கம் பூராம் இந்தியில நின்னுது. தமிழ்நாடே கெளம்பீருச்சு. அப்ப மொதலமைச்சரா இருந்த ஸ்டாலின் கண்டிச்சாரு, நம்ம எடப்பாடிக்காரரு பழனிசாமியும் கண்டிச்சாரு. கட்சி ரெண்டானாலும் பாலிசி எல்லாருத்துக்கும் உண்டல்லோ. அதுல அரசியல் ஒருபக்கம் கெடக்கட்டும். டிசைன் போடற நீ எடுத்து முடிஞ்சு வெச்சுக்க வேண்டியது ஸ்டாலின் சுட்டிக்காட்டுன ஒரே ஒரு சங்கதி: இங்கிலீசுக்கு மாத்தற தேர்வுகூட இந்தியிலதான் இருக்குதுன்னாரு.

அதுதான் கருத்து! இந்தி தெரியாதவன் இந்தியை விட்டு வெளிய வரோணும்னா, மொதல்ல இந்தி படிச்சிருக்கோணும்னா எப்படி? யாருக்குச் சிக்கல், எந்த இடத்துல சிக்கல், அங்க என்ன பண்ண முடியல, மூணும் ஒரே வரியில அடங்கிப்போச்சு. எல்ஐசியும் அன்னைக்கே, மொழி மாத்தற எடத்துல தொழில்நுட்பக் கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு அறிக்கை விட்டுது. கோளாறு எப்படி வந்துச்சுங்கற விசாரணையை நீ வெச்சுக்காதே. உன்ற சைட்டுல தமிழ்ங்கற பேரைத் தமிழ் எழுத்துலயும், இங்கிலீசுங்கற பேரை இங்கிலீசு எழுத்துலயும் போட்டு வெச்சிரு. ஒவ்வொரு மொழிப் பேரையும் அந்தந்த மொழியிலயே எழுதறதுதான் உலக வழக்கம்.

அதுக்கு மூணு வருசம் முந்தி, 2021 ஜூன்ல, கொரோனா ஊசிக்குப் பதிவு பண்ணற கோவின் சைட்டுக்கு மாநில மொழிகளைச் சேத்தாங்க. மொதல்ல வந்த பட்டியல்ல தமிழைக் காணோம். 'சைட்டு சரியில்ல'ன்னு பொதுவா பொலம்பியிருந்தா இன்னைக்கும் பொலம்பிக்கிட்டுத்தான் இருந்திருப்போம். தமிழ் இல்லீன்னு தமிழ்நாடு குறிப்பாக் கேட்டுது, சில நாள்ல தமிழும் வந்துருச்சு.

இந்த வித்தையைப் படிக்க நீ பெங்களூரு போக வேண்டியதில்ல. நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டற பட்டறைக்குப் போ. வெறும் சேசிஸா வந்து நிக்கற வண்டி, லாரியா வெளிய போற எடம் அது. லாரி ஓனரு நெத்தியில எழுதுன பேரையும் குலசாமி படத்தையும் பாத்துப்போட்டு 'ஜோரா இருக்குது' ம்பாரு. டிரைவர் ஏறி உக்காந்து, 'ரிவர்ஸ் எடுக்கறப்ப இடது கண்ணாடியில பின் சக்கரம் தெரியலீங்க' ம்பாரு. பட்டறைக்காரரு வாதம் பண்ணிக்கிட்டு நிக்க மாட்டாரு, கண்ணாடியை நகத்தி வெப்பாரு. காசு குடுக்கறவரு ஒருத்தரு, ஓட்டறவரு ஒருத்தரு. உன்ற சோலியும் அதேதான். ஓனருக்குக் காப்பி வாங்கிக் குடு, டிரைவர் சொல்லறதை நோட்டுல எழுது.

கருத்துச் சொல்லறவங்களுக்கும் ஒரு வார்த்தை. குறை சொல்லறதுக்கு முந்தி, இப்படி ஏன் வெச்சீங்கன்னு ஒருதடவை கேட்டுப்போடுங்க. நாமக்கல் ஆஞ்சநேயரு 18 அடி ஒசரத்துக்குக் கூரையில்லாம வெயில்லயும் மழையிலயும் நிக்கறாரு. வெளியூரு இஞ்சினியரு யாராச்சும் பாத்தா, டிசைன்ல கூரையை மறந்துட்டாங்கன்னு அஞ்சு நிமிசத்துல எஸ்டிமேட் போட்டுருவாரு. நரசிம்மரு இங்க சாளக்கிராம மலையா வெட்டவெளியில இருக்கறப்போ, சேவகனுக்கு எதுக்குக் கூரைங்கற ஐதீகத்தை அர்ச்சகரைக் கேட்டாத்தானே தெரியும்?

இனி கருத்து வாங்கற வித்தைக்கு வா. இதுல முக்கியமான உறுப்பு காது. அதைவிட முக்கியம், மூடி வெச்ச வாயி. 'எப்படி இருக்குது'ன்னு கேக்காதே. கேட்டா மரியாதைக்கு 'நல்லாருக்குது' ம்பாங்க, உனக்கும் சந்தோசம், அவங்களுக்கும் சந்தோசம், சைட்டு மட்டும் நாசம். போனைக் கையில குடுத்து, 'இதுல ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு பச்சைச் சேலை வாங்குங்க அம்மிணி'ன்னு சொல்லீட்டுப் பக்கத்துல கம்முனு உக்காரு. விரலு எங்க தயங்குது, கண்ணு எதைத் தேடுது, எந்த எடத்துல 'என்னமோ போ'ன்னு போனைக் கீழ வெக்குதுன்னு பாரு. 'மெனுவுக்கு அந்த மூணு கோட்டை அழுத்துங்க'ன்னு நீ வாயைத் தொறந்தீன்னா, பரிச்சையில நீயே விடை சொல்லிக் குடுத்துட்டேன்னு அர்த்தம். சேலையோட சேத்தி உன்னையும் பார்சல்ல அனுப்ப முடியுமா?

இதுக்கு ஊரையே கூட்டோணும்னு இல்ல. ஜேக்கப் நீல்சன்னு இந்தத் தொழில்ல பேரு வாங்குனவரு 2000த்துலயே கணக்குப் போட்டுச் சொன்னாரு, அஞ்சு பேரை வெச்சுச் சோதிச்சா 85 சதவீதக் கோளாறு வெளிய வந்துரும்னு. அந்த அஞ்சுல மச்சானும் சகலையும் சேத்தியில்ல.

இன்னொரு கதை அமெரிக்காவுல. 2009ல ஜாரெட் ஸ்பூல்ங்கறவரு எழுதுனாரு. பேரு சொல்லாத ஒரு பெரிய ஆன்லைன் கடை. சாமானை எடுத்துக் கூடையில போட்டவங்களைக் காசு வாங்கறதுக்கு முந்தி நிறுத்தி, 'பதிவு பண்ணு' ன்னு ஒரு பட்டன் மறிச்சுது. வாங்க வந்தவங்கள உக்கார வெச்சுப் பாத்தப்பதான் அந்த எடத்துல கடுப்பாகறது தெரிஞ்சுது. பட்டனை 'தொடரவும்'னு மாத்தி, கணக்குத் தொறக்கறது கட்டாயமில்லீன்னு ஒரு வரி எழுதுனாங்க. மொத வருசமே 30 கோடி டாலர் எச்சா வந்துச்சாமா. நம்ம சகலை பெருசு பண்ணச் சொன்ன லோகோ எவ்வளவு கொண்டுவரும்னு கேட்டுச் சொல்லு.

அதுக்காக எல்லாத்துக்கும் சோதனைன்னு கெளம்பீராதே. கூகுள்ல ரெண்டு நீலத்துல எதுன்னு முடிவு பண்ண முடியாம, நடுவுல 41 நீலத்தைச் சோதிச்சாங்கன்னு சொல்லீட்டு, டக்ளஸ் பௌமன்ங்கற டிசைனரு 2009ல வேலையை விட்டே போயிட்டாரு. சில முடிவை நீயே எடுக்கோணும், அதுக்குத்தான் உனக்குக் கூலி.

அப்புறம், வந்த கருத்தையெல்லாம் தலையில தூக்கி வெச்சுக்காதே, வாசல்லயே தொரத்தியும் விடாதே. 'பட்டனைச் செவப்பாக்கு'ன்னு ஒருத்தரு சொன்னா, செவப்பை விட்டுப்போட்டு, பட்டன் அவரு கண்ணுல படலியான்னு கேளு. ஒரே எடத்துல மூணு பேரு முட்டிக்கிட்டா, நிலைப்படிதான் தாழ்வு, தலை பெருசில்ல. சொன்னவங்களுக்கு நன்றி சொல்லு. மாத்துனதுக்கப்புறம் 'நீங்க சொன்னது சரியாப்போச்சுங்க'ன்னு ஒரு போன் போடு. அடுத்த தடவை அவங்களே வேலை மெனக்கெட்டு வந்து சொல்லுவாங்க. சொன்னதைச் செய்யலியா, ஏன் செய்யலீன்னும் சொல்லிப்போடு. கோவிச்சுக்கறவங்க கோவிச்சுக்கட்டும், நோம்பிக்கு ரெண்டு கறித்துண்டு எச்சாப் போட்டாச் சரியாப்போகும்.

படிக்கறவங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்தப் பெருசு எழுதுனதைப் பத்திக் கருத்திருந்தாத் தாராளமாச் சொல்லுங்க. 'நல்லாருக்குதுங்க'ன்னு மட்டும் வேண்டாம். எந்த வரியில கொட்டாவி வந்துச்சுன்னு சொல்லுங்க, போதும்.