இலவச வள்ளல்கள் வாழ்க

பாரி தேர் கொடுத்தான், பேகன் போர்வை கொடுத்தான். கொடுத்ததை ஒரு தேதி குறித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும் மனத்திடம் அந்தப் பழைய வள்ளல்களுக்கு இல்லை. யாகூ, கூகுள் முதலான எங்கள் காலத்து வள்ளல்களே, உங்களுக்கு அது வாய்த்திருந்தது. கையேந்தி வாங்கிய திருச்சிக்காரர்கள் உங்கள் புகழைப் பாடாமல் வேறு யார் பாடுவது?

இருபது ஆண்டுக்கு முந்தைய நிலையை நினைத்தால்தான் உங்கள் கொடையின் அருமை புரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலம் அது. தட்டி வைத்துத் தடுத்த சின்ன இடம், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரி வரியாக வெறும் கட்டங்கள் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பியின் கண்ட்ரோல் பேனலுக்குள் புகுந்து, இந்திய மொழிகளுக்கான இடத்தில் டிக் போட்டால், கணினி எக்ஸ்பி சிடியைக் கொண்டா என்று கேட்கும். சென்டர்காரர் டிராயரைத் துழாவி, கீறல் விழுந்த ஒரு சிடியை எடுத்து வருவார். அதன் பிறகு இ-கலப்பையையோ முரசு அஞ்சலையோ நிறுவி, ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் திரையில் தமிழ் வரும். திஸ்கி என்ற பழைய குறியீட்டில் அடித்தது யூனிகோடில் தெரியாது; அதை மாற்ற இன்னொரு கருவி வேண்டும். இத்தனை பாடுபட்டு எழுதியதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டாமா? அந்த இடத்தை ஒரு பைசா வாங்காமல் கொடுத்தீர்கள். அது பொய்யில்லை.

அதை நம்பி எழுத வந்தவர்களில் பலர் எழுத்தாளர்களே அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர், வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு ஊரை நினைத்தவர், நைட் ஷிஃப்டில் நேரம் கிடைத்த பொறியாளர். பத்திரிகையில் இடம் கிடைக்காத, இடம் கேட்கவும் கூச்சப்பட்டவர்கள். அவர்கள் எழுத்துக்கு வேறு பிரதி கிடையாது. உங்களிடம் இருந்ததுதான் ஒரே பிரதி.

யாகூ வள்ளலே, 1999-ல் 350 கோடி டாலருக்கு மேல் மதிப்புக் கொடுத்து, இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை வாங்கினாய். 2009 அக்டோபர் 26-ல் அதை மூடினாய். அத்தனை பெரிய விலை கொடுத்ததைப் பத்தே ஆண்டில் பற்றில்லாமல் உதறிய உன் துறவு முற்றும் துறந்த முனிவருக்கும் கைவராது. மரத்தடி, அகத்தியர், ராயர் காப்பி கிளப் என்று உலகத் தமிழர் கூடிப் பேசிய மின்னஞ்சல் குழுமங்களும் உன் நிழலில்தான் இருந்தன. 2019 அக்டோபரில், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு மாதத் தவணை கொடுத்தாய். பல வருடப் பேச்சுக்கு இரண்டு மாதம்! பிறகு தவணையைக் கொஞ்சம் நீட்டவும் செய்தாய். உன் கருணைக்கு அளவேது?

கூகுள் வள்ளலே, நாலாபுறமும் சிதறிக் கிடந்த பக்கங்களை ஒரே இடத்தில் படிக்க 2005-ல் ரீடரைக் கொடுத்தாய். 2013 ஜூலை 1-ல் நிறுத்தினாய். பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்று காரணமும் சொன்னாய். புதுப் பதிவுகளை மின்னஞ்சலில் கொண்டுவந்து கொடுத்த ஃபீட்பர்னரை 2007-ல் வாங்கி, 2021-ல் அந்த அஞ்சலையும் நிறுத்தினாய். எங்களுக்குப் படிக்கும் சுமையைக் குறைத்த புண்ணியம் உன்னுடையது.

இணையம் என்றால் என்ன என்று தமிழ் வாசகனுக்குச் சொல்லித்தந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, செயின்ட் ஜோசப்பில் படித்த எங்கள் ஊர்க்காரர். விகடனில் அவர் எழுதிய ‘கற்றதும் பெற்றதும்’ புத்தகமாகிக் கடையில் கிடைக்கிறது. அவர் ஆசிரியராக இருந்த அம்பலம் இணைய இதழ் நின்றுபோனது. அச்சில் வந்ததை வைத்துக்கொள்ள வீட்டில் அலமாரி வேண்டும். இணைய எழுத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. வீட்டிலும் இடம் அடைக்காது, சில வருடம் போனால் இணையத்திலும் அடைக்காது.

ஸ்ரீரங்கம் கோயில் மதில்களில் எழுதி வைத்தவர்களுக்கு உங்கள் சாமர்த்தியம் ஏது? பராந்தக சோழன் காலம் தொட்டு 600-க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் அங்கே உண்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதியே அவைதாம். யார் கொடுத்தார், எவ்வளவு நிலம், எந்தக் கைங்கரியத்துக்கு, யார் பொறுப்பு என்று கல்லில் வெட்டி, சந்திர சூரியர் உள்ளவரை இது நடக்கவேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே விலங்கு பூட்டிக்கொண்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய, நெய்க்காக 96 ஆடு. ஆடு கிழடாகும், சாகும். ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது என்று இடையர்களிடம் பொறுப்புக் கட்டினார்கள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். உங்கள் ஒப்பந்தம் அவ்வளவு கட்டுப்பெட்டியானதல்ல. எந்தச் சேவையையும் நிறுத்த எங்களுக்கு உரிமை உண்டு, இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பக்கம் பக்கமாக எழுதி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை எங்கள் விரலாலேயே அழுத்த வைத்தீர்கள். கல்வெட்டில் கட்டுப்பட்டவன் கொடுத்தவன். உங்களிடம் கட்டுப்பட்டவன் வாங்கியவன்.

ஜியோசிட்டீஸ் மூடும்போது அள்ளியவரை அள்ளியது ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம். அவர்களுக்கு வள்ளல் பட்டம் கிடையாது. எங்கள் எழுத்தில் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அது அவர்களாலும் இண்டர்நெட் ஆர்க்கைவாலும்தான்.

கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகர் இன்னும் நடக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டு தொடாத கணக்கை நீக்கலாம் என்ற கூகுளின் விதி 2023 டிசம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எழுதியவர்களே, செட்டிங்ஸில் பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. இன்றைக்கே ஒரு பிரதியை இறக்கி, பென் டிரைவிலும் இன்னொருவர் கணினியிலும் வையுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது எழுதிவிட்டு மறைந்திருந்தால் முதலில் அவர் பக்கத்தைத் தேடுங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள்.