காசு கட்டிப் படும் பாடு

200 கி.மீ. 'பிரெவே' சைக்கிள் பயணத்துக்குக் கெடு 13 மணி 30 நிமிடம். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை, பரிசு கிடையாது. பதக்கம் வேண்டுமா? அதற்குத் தனியாகக் காசு. வழிநெடுக அட்டையில் முத்திரை வேறு. ரேஷன் கடைக்குப் பிறகு மனிதர்கள் இவ்வளவு பக்தியோடு அட்டை நீட்டுவது இங்குதான்.

"சேர்ந்தே போவோம்" என்ற சபதம் முதல் மேம்பாலம் வரை தாங்கும். எதிர்க்காற்று அடித்ததும் பாசம் திரும்பும், அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ள. முன்னால் போகச் சொன்னால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கும்.

முடித்தவர் மறுநாள் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குவார். நாற்காலி போட்டால், நிற்பதுதான் உடம்புக்கு நல்லது என்பார். மாலைக்குள் 300 கி.மீ.க்குப் பெயர் கொடுத்திருப்பார். கெடு 20 மணி நேரம். தூக்கம் கட்டணத்தில் அடங்காது.