பாமினி அம்மையாருக்கு ஓய்வு வழங்கக் கோரும் விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய அலுவலகத்தாருக்கு,

டீ செட் எஃப், எஃப் கே!

தாங்கள் கடந்த வாரம் மின்னஞ்சலில் அனுப்பிய கடிதம் மனுதாரரை இப்படித்தான் விளித்தது. மனுதாரர் செங்கலடியில், பதுளை வீதிப் பக்கமாக வசிப்பவர், விழிப்புலனற்றவர். கொடுப்பனவு பற்றிய கடிதம் என்றதும் டெப்பைக் குசினி மேசையில் வைத்துத் திறந்து காதைக் கொடுத்தார். டெப் இரண்டு பக்கத்துக்கு ஆங்கில எழுத்துக்களாக ஒப்புவித்தது. நடுநடுவே அரைப்புள்ளி வேறு. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "வணக்கம் எண்டுதானே மாமா கிடக்கு!" என்றது.

விசாரித்ததில், கடிதத்தைத் தயாரித்தவர் பாமினி என்னும் எழுத்துரு அம்மையார் என்று தெரியவந்தது.

பாமினி அம்மையாரின் நீண்டகாலச் சேவையை மனுதாரர் குறைத்து மதிப்பிடவில்லை. திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கேள்விப்பத்திரம், கோயில் நோட்டீஸ் என இலங்கைத் தமிழர் வாழ்வில் அவர் கை படாத தாள் குறைவு. ஆனால் அம்மையாருக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் தெரிபவர்களுக்கு மட்டுமே தமிழ் முகம் காட்டுவார். உள்ளே 'தமிழ்' என்பதை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் பதிந்து வைத்திருப்பார். 'அம்மா' என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பெற்ற தாயை இப்படிக் கூப்பிடும் பிள்ளை செங்கலடியில் இதுவரை பிறக்கவில்லை.

பேராதனையில் புறப்பட்டு, பதுளைக்கு ஏறி இறங்கி வரும் ஏ5 வீதி செங்கலடிச் சந்தியில்தான் முடிகிறது. மலை வளைவுகளில் குலுங்கியதில் எழுத்துக்கள் இடம் மாறியிருக்கும் என்று மனுதாரர் முதலில் தங்களுக்காகவே ஒரு சமாதானம் தேடினார். பிறகுதான் நினைவு வந்தது, கடிதம் பஸ்ஸில் வரவில்லை.

டெப்பிலும் கோளாறு இல்லை. தொடுதிரை கண் தெரியாதவருக்கு உதவாது என்ற எண்ணம் பழையது. அன்ட்ரொயிட் கருவிகளுக்கு டோக்பேக் என்னும் திரைவாசிப்பான் வந்தது 2009இல். 2010இல் ஐபேட் கடைக்கு வந்தபோதே அதே வேலையைச் செய்யும் வொய்ஸ்ஓவர் அதற்குள் இருந்தது. விரல் படும் இடத்தில் இருப்பதைக் கருவி வாய்விட்டுச் சொல்லும். விரலை வலப்பக்கம் வழித்தால் அடுத்ததுக்குப் போகும். இருமுறை தட்டினால் திறக்கும். அவ்வளவுதான் வித்தை. மனுதாரர் இந்த டெப்பில் காலையில் செய்தி வாசிக்கிறார், மகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடுகிறார், தமிழ் விக்கிப்பீடியாவில் புகுந்தால் வெளியே வர மறந்துவிடுகிறார். தமிழ்க் குரல் கொஞ்சம் சென்னைப் பக்கத்துக் குரல்தான். ஆனாலும் செங்கலடியைச் செங்கலடி என்றே சொல்கிறது. அதன் வாயை அடைத்த பெருமை தங்கள் அலுவலகத்துக்கும் பாமினி அம்மையாருக்குமே உரியது.

முறைப்பாடு செய்ததும் தாங்கள் பெரிய மனதுடன் கடிதத்தை மறுபடி அனுப்பினீர்கள். இம்முறை அச்சிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் எடுத்து! டெப் ஒரே சொல்லில் வாசித்து முடித்தது: "படம்."

பின்னர் 'இணையத்தில் விண்ணப்பிக்கலாமே' என்று ஓர் இணைப்பு வந்தது. அங்கே மனுதாரர் விரல் வைத்த இடமெல்லாம் "பொத்தான்", "பொத்தான்", "பொத்தான்" என்றது டெப். எது சமர்ப்பிக்கும் பொத்தான், எது எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் என்பது அரச இரகசியம் போலும். கடைசியில், தாம் இயந்திரமல்ல மனிதர்தான் என்று நிரூபிக்க, படத்தில் நெளிந்து கிடக்கும் எழுத்துக்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யுமாறு பணிவாகக் கேட்கப்பட்டார். படம் போட்டால் அதற்கு ஈடாக எழுத்தில் விளக்கமும் தர வேண்டும் என்று இணையத் தளங்களுக்கான அணுகல் வழிகாட்டி சொன்னது 1999இல். அது ஒருவேளை பாமினியில் தட்டச்சாகித் தங்களிடம் வந்திருக்கலாம்.

ஆகவே மனுதாரர் வெள்ளைப்பிரம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தங்கள் கந்தோருக்கே வந்தார். "கண் தெரியாத ஆளுக்கு டெப் என்னத்துக்கு?" என்று எழுதுவினைஞர் கேட்டார். பிறகு உதவும் நல்லெண்ணத்தோடு கடிதத்தை வாங்கி, மனுதாரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், மாதம் கிடைக்கும் தொகை அனைத்தையும் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். மனுதாரர் ஒப்பமிடப் பேனாவைக் கேட்டபோது மைப் பெட்டியை நகர்த்திவிட்டு, "பெருவிரலை வையுங்க, போதும்" என்றார். பின்னால் நின்ற ஒரு பெத்தாதான், "அவர் படிச்ச மனிசன் மனே, பேனையக் குடு" என்று சொன்னார்.

இது வெட்கக்கேடு. அந்தக் கணக்கு இலக்கம் அவருடையது, வரிசையுடையது அல்ல. கடிதம் ஒழுங்காக வந்திருந்தால் வீட்டுக்குள் இருந்தே, எவருக்கும் கேட்காமல், காதில் ஒலிப்பானை மாட்டி அவரே வாசித்திருப்பார். அதற்குத்தான் டெப்பே வாங்கினார். தன் கடிதத்தைத் தானே வாசிக்கத் தெரிந்த மனிதரைப் பிறர் வாயை எதிர்பார்க்க வைத்தது அவருடைய கண் அல்ல, உங்கள் கந்தோர்.

மன்னிக்கவும். தாங்கள் என்று எழுத வந்த இடத்தில் உங்கள் என்று விழுந்துவிட்டது. பாமினி அம்மையாரின் கைவரிசையாக இருக்கும்.

தங்களைப் போன்ற சட்டமறிந்த அலுவலகத்துக்கு நினைவூட்டுவது அதிகப்பிரசங்கித்தனம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. ஜே கே பி ஓ பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கைச்சாத்திட்டு, 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. பொதுத் தகவலை அவரவர் அணுகக்கூடிய வடிவில் தரவேண்டும் என்கிறது அதன் 21ஆம் உறுப்புரை. எழுத்தை அந்த எழுத்தாகவே பதியும் யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்று இலங்கைத் தர நியமமே வந்தாயிற்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பார்ப்பதில் சிரமம் உண்டு என்று பதிந்தவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். இவ்வளவு நடந்தும் அம்மையார் கதிரையை விட்டு எழும்பவில்லை. அரச உத்தியோகத்தருக்கு ஓய்வு வயது 60 என்று வைத்த அரசு, எழுத்துருவுக்கு ஒரு வயதெல்லை வைக்க மறந்துவிட்டது.

அம்மையாருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, தேநீர் விருந்துடன் விடைகொடுக்க மனுதாரர் தம் செலவில் ஒரு பெட்டி மஸ்கெற் கொண்டுவரவும் தயார். அவர் இதுவரை தட்டச்சு செய்தவற்றைத் தூக்கியெறியவும் தேவையில்லை. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒட்டி, ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. ஸ்கேன் எடுக்கும் நேரத்தைவிடக் குறைவு. முத்திரை குத்தாமல் கை நடுங்கும் என்றால் முத்திரைப் படத்தோடு எழுத்து வடிவத்தையும் சேர்த்து அனுப்பலாம். பொத்தான்களுக்குப் பெயர் வைக்கலாம். கூடவே, கவுண்டரில் ஒருவரின் கணக்கு இலக்கத்தை வாசிக்க நேர்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம்; அதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.

இம்மனு யூனிகோடில், மனுதாரரின் கையாலேயே தட்டச்சு செய்யப்பட்டது. அச்சிட்ட பிரதியில் கோடு தெரிவதற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அதன் மேல்விளிம்பைத் தடவி அவர் ஒப்பமிட்டிருக்கிறார். கொஞ்சம் சரிந்திருக்கலாம். மைப் பெட்டியைத் தேட வேண்டாம்.