சேம் சைடு கோல் 149

ஒரு கோலாவது விழாதா என்று ஒன்றரை மணி நேரம் நகம் கடித்துவிட்டு, விழாமலே எழுந்து வீட்டுக்குப் போவதுதான் கால்பந்து ரசிகனின் வாழ்க்கை. அதனால் மடகாஸ்கர்க்காரர்கள் மேல் எனக்குத் தீராத பொறாமை. 2002 அக்டோபர் 31 அன்று துவாமசினா நகரில் ஒரே ஆட்டத்தில் 149 கோல் பார்த்தார்கள். ஏ.எஸ். அதேமா 149, எஸ்.ஓ. லெமிர்ன் பூஜ்யம். கின்னஸிலும் ஏறிவிட்டது.

அத்தனையும் சேம் சைடு கோல். தோற்றவர்களே போட்டுக்கொண்டது.

லெமிர்ன் ஒன்றும் ஏப்பை சாப்பை டீம் இல்லை; முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன். நான்கு அணிகள் மோதிய கடைசிச் சுற்றில், இதற்கு முன் வேறோர் அணியுடன் ஆடிய ஆட்டத்தில், முடிகிற நேரம் பார்த்து எதிரணிக்கு ரெஃப்ரி ஒரு பெனால்டி கொடுத்தார். ஆட்டம் 2-2. பட்டம் அதேமாவுக்குப் போய்விட்டது. அந்தக் கோபத்தை லெமிர்ன் இந்த ஆட்டத்தில் காட்டியது. மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவர்கள் உண்டு. இவர்கள் விஷயத்தில் மூக்கும் போயிற்று, எதிரியின் சகுனத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதற்குக் கால்பந்துச் சட்டமும் ஒத்துழைத்ததுதான் அழகு. கோல் வாங்கிய அணிதான் அடுத்த சென்டர் உதைக்க வேண்டும். தனக்கே கோல் போட்டுக்கொண்டாலும் வாங்கியவன் வாங்கியவன்தானே! பந்து மறுபடி லெமிர்ன் காலுக்கே வரும். முதல் உதை முன்னோக்கித்தான் போக வேண்டும் என்பது அன்றைய விதி. மரியாதைக்கு ஒரு தட்டு முன்னால். பிறகு திரும்பி ஓட்டம், உதை, கோல். கணக்குப் போட்டால் சராசரி 36 விநாடிக்கு ஒன்று. அதேமா ஆட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதி ஆட்டத்தில் அவர்களுடைய கோச் என்ன அறிவுரை சொல்லியிருப்பார் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை.

ஆனால் என் மரியாதையெல்லாம் கோபித்துக்கொண்டவர்களுக்கு இல்லை, எண்ணியவருக்கு. கல்லூரி நாட்களில் எங்கள் ஊர் டோர்னமென்டில் ஸ்கோர் போர்டு மாற்றுகிற உத்தியோகம் பார்த்தவன் நான். கமிட்டி கொடுத்திருந்த தகரத் தட்டுகள் ஒன்பதோடு முடிந்துவிடும். "பத்தாவது கோல் விழுந்தா என்ன சார் பண்றது?" என்றேன். "விழாதுப்பா" என்றார் செயலாளர். துவாமசினாவிலும் இப்படி ஒரு செயலாளர் இருந்திருந்தால் பாவம் அந்தப் பையன்!

எண்ணுவது லேசான காரியம் இல்லை. 1885 செப்டம்பர் 12 அன்று ஸ்காட்லாந்தில் ஒரு கோப்பைப் போட்டியில் ஆர்ப்ரோத் அணி 36-0 என்று பான் அக்கார்டைப் புரட்டி எடுத்தது. பெட்ரி என்ற இளைஞர் ஒருவரே 13. அதே நாளில், அதே கோப்பைக்காக, டண்டீ ஹார்ப் 35-0 என்று வேறொரு அணியை வென்றது. அங்கே ரெஃப்ரி 37 என்று எண்ணி வைத்திருந்ததாகவும், ஜெயித்த அணிக்காரரே 'இல்லை, 35தான்' என்று குறைத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். அந்த நல்ல மனசால் ஒரு சாதனை கைநழுவியது. மடகாஸ்கரில் யாராவது இரண்டு கோலை விட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இருந்தும் 149 என்று அடித்துச் சொல்கிறார்களே! ரவுண்டாக 150 என்று எழுதிவிடவில்லை பாருங்கள், அந்த நேர்மைக்காகவே நம்புகிறேன்.

ரசிகர்கள் டிக்கெட் கவுண்டரை முற்றுகையிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு கோலும் விழாத ஆட்டத்துக்கு நான் கொடுத்த காசை இதுவரை ஒருவரும் திருப்பியதில்லை. 149 பார்த்தவர்களுக்கு என்ன குறையோ!

பிறகு தண்டனை. லெமிர்ன் கோச்சுக்கு மூன்று ஆண்டு தடை, ஆட்டக்காரர்கள் நால்வருக்கு சீசன் முடியும் வரை தடை. மற்றவர்களுக்கு எச்சரிக்கை, அதுவும் இரு அணியினருக்கும். ஒரு கோல்கூடப் போடாமல் 149 கோல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு, இனிமேல் ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று திட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள் அதேமாக்காரர்கள்.