வலக்கையால் இடக்காதைத் தொட்டவர்கள்

வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொட முடிந்தால் ஒன்றாம் வகுப்பு, முடியாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் தெருப்புழுதி. அறுபதுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பள்ளிக்கூடம் சேர்ந்த யாரைக் கேட்டாலும் இந்தத் தேர்வைச் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ் என்பதைப் பெரும்பாலான வீடுகளில் கண்ணால் பார்த்ததில்லை. சின்னக் குழந்தைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை பெரிது, கை நீண்டு காதை எட்ட ஐந்து ஆறு வயதாகும் என்பதால் அந்தக் கணக்கில் ஒரு நியாயமும் இருந்தது. காது எட்டிவிட்டால் தலைமையாசிரியர் பள்ளிக்குத் தோதாக ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு பிறந்த தேதியை எழுதிக்கொள்வார். எங்களில் பலர் அந்தத் தேதியை வைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தோம், அந்தத் தேதியை வைத்துத்தான் ஓய்வும் பெற்றோம்.

இப்போது என் பேத்தி எல்.கே.ஜி.க்குத் தயாராகிறாள். அவள் கை காதுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. இருந்தாலும் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, அழைத்துப்போக வருகிறவர்களின் புகைப்படம் எல்லாம் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மாற்று உடை இரண்டு, கைக்குட்டை, ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைத்த ஷூ, அவளே திறக்கக்கூடிய டிபன் பாக்ஸ் என்று வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை என் மகள் அலுவலகத்திலிருந்து வந்த களைப்போடு படித்து, ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டுகிறாள். அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நான் அறுபது வருஷம் பின்னால் போய்விடுகிறேன், கூப்பிட்டால்தான் திரும்பி வருகிறேன்.

ஐந்து வயதுக்கு முன்னால் பள்ளி என்று ஒன்று எங்களுக்கு இல்லை. ஆனால் அதற்கு வேண்டிய பழக்கமெல்லாம் யாரும் பட்டியல் போடாமலே வந்து சேர்ந்தது. பாட்டி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும்போது நமக்கும் ஒரு பிடி ஒதுக்குவாள். மொச்சையைப் பிதுக்கச் சொல்லுவாள். கிணற்றடியில் பெரிய சொம்பிலிருந்து சின்னச் சொம்புக்குத் தண்ணீர் மாற்ற விடுவாள். சிந்தினால் ஒரு அதட்டல், உடனே மறுபடியும் ஊற்றச் சொம்பு. அக்கா பள்ளிக்கூடம் கிளம்பினால் முதலில் வாசல்வரை, அப்புறம் தெருமுனைவரை, அப்புறம் பள்ளிக்கூடத்து வேப்பமரம்வரை பின்னாலேயே ஓடி, ஒருநாள் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒன்றாம் வகுப்பையே பார்த்துவிட்டும் வந்துவிடுவோம்; வாத்தியாரும், "யாரு, ஒந் தம்பியா? சரி, இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார். காது எட்டுவதற்கு வெகுநாள் முன்பே அந்த இடம் எங்களுக்குப் பழகிவிட்டது.

இதையே முறைப்படுத்திக் கல்வியாகச் செய்தவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர், 1939இல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக 1946வரை இந்தியாவிலேயே தங்கவும் நேர்ந்தது. நீர் ஊற்றுவது, தானியம் பிரிப்பது, பொத்தான் போடுவது, இவைதான் அவருடைய வகுப்பில் பிள்ளைகளின் முதல் பாடங்கள். பேத்தியின் பள்ளியில் பொத்தான் வைத்த துணியை ஒரு மரச்சட்டத்தில் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தபோது பாட்டியை நினைத்துக்கொண்டேன். அவள் இருந்திருந்தால் அந்தச் சட்டத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள், நல்ல காரியம் என்றும் சொல்லியிருப்பாள்.

எங்கள் ஊர் பூந்தோட்டத்துக்குப் பக்கம். கூப்பிடு தூரத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயில் இருந்ததால் விஜயதசமி என்றாலே சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அன்றைக்குத்தான் எழுத்து. தாம்பாளத்தில் பரப்பிய நெல்லில், தாத்தாவின் கை என் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்த அந்த முதல் 'அ'வின் சுரசுரப்பு, நெல்லின் சுனை பட்டு அரித்த விரல், அதை மறக்கடிக்க வாயில் வந்து விழுந்த பொரிகடலையும் நாட்டுச் சர்க்கரையும்! உங்களில் எத்தனை பேருக்கு இதைப் படிக்கும்போது விரல்நுனி அரிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. மணலில் விரலால் எழுதிப் பழகுவது அதற்கும் முந்தைய திண்ணைப் பள்ளிக்கூட வழக்கம்தான். எழும்பூரில் ராணுவ அனாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் விடுதியிலும் அதைக் கொண்டுவந்து, பெரியவனைச் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வைத்து, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

சிலேட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. மரச்சட்டம் போட்ட கற்சிலேட்டு, அது வெளுத்துப்போனால் வேலியில் பறித்த கோவை இலையையும் அடுப்புக்கரியையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்குவது, காய்வதற்காக வெயிலில் விசிறிக்கொண்டே நிற்பது, கடைவாயில் வைத்துக் கடித்த பலப்பத்தின் அந்த மண்ருசி! தவறாக எழுதினால் எச்சில் தொட்டு அழித்துவிடலாம், யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அழிக்கிற சுதந்திரம் எழுதுகிற துணிச்சலைக் கொடுத்தது. பேத்திக்கு வாங்கிய எழுத்துப்பலகையில் விரல் வைத்தால் வண்ணம் வருகிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் முழுவதும் மறைகிறது. அதிலும் அவள் ஆனந்தமாகக் கிறுக்குகிறாள். கோவை இலையைத் தேடி வேலியோரம் அலைந்த அரைமணி நேரம்தான் அவளுக்கு இல்லை.

நடுவில் என் மகளுடைய காலம் ஒன்று உண்டு. 1975 அக்டோபர் 2இல் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு அவர்களைவிடச் சின்னவர்களுக்கும் மதியச்சோறு கிடைத்தது. நான் மன்னார்குடியில் வேலையில் இருந்தபோது மகள் போனது அப்படி ஒரு பால்வாடிக்குத்தான். ஆயா தெருத்தெருவாக வந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போவார்; கையைப் பிடிக்க இடமில்லாதவன் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். உத்தரத்தில் தொங்கும் தராசில் உட்காரவைத்து எடை பார்ப்பார்கள், சத்துமாவு உருண்டை கொடுப்பார்கள், சோறு தின்ற கையோடு பாயில் படுக்கவைப்பார்கள். தெருவுக்குத் தெரு கோடு போட்டிருந்த ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டேந்தி உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிற்பாடு எத்தனையோ மாற்றங்கள் வந்தன, இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் என் நினைவில் இல்லை. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள் என்று படித்தபோது அந்த ஆயாவின் முந்தானைதான் கண்முன் வந்தது.

எல்லாமே அன்றைக்கு நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. பிரம்பு இருந்தது. கழிப்பறை இல்லை, அடக்கிக்கொள்ளத் தெரியாதவன் நனைந்த கால்சட்டையோடு மத்தியானம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றவர்கள் சிரிப்பார்கள். முதல் நாள் பிள்ளையை விட்டுவிட்டு, அது பொரிகடலையைப் பார்க்கிற நேரம் பார்த்து அம்மாக்கள் ஓசைப்படாமல் நழுவிவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. அந்த முதல் நாளின் ஓலம் இன்றும் என் காதில் இருக்கிறது. இன்றைக்குப் பேத்தியின் பள்ளியில் முதல் வாரம் அம்மாவோ தாத்தாவோ கூட உட்காரலாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகலாம் என்கிறார்கள். ஒண்ணுக்கு வருகிறது என்று எந்த வார்த்தையில் சொல்லுவாள் என்றுகூட டீச்சர் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் காலத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆகவே நானும் மகளும் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். பட்டியல் அவளுடையது, முறமும் சொம்பும் என்னுடையது. சாயங்காலங்களில் பேத்தி பட்டாணி உரிக்கிறாள், டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடுகிறாள், செருப்பை இடம்வலம் பார்த்துப் போடுகிறாள். அம்மாவாக இருந்தால் அவசரத்தில் தானே மாட்டிவிடுவாள்; எனக்கு அவசரம் இல்லை. பள்ளிவரை நடந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். வேப்பமரம் இல்லை, வாசலில் ஒரு புங்கமரம் இருக்கிறது, போதும்.

"தாத்தா, அம்மா எப்ப வருவாங்க?" என்பதுதான் வழியெல்லாம் கேள்வி. பன்னிரண்டரை மணி என்றால் மூன்று வயதுக்கு விளங்காது. "பாட்டுப் பாடி, விளையாடி, சாப்பிட்டு முடிச்சு, பையை மாட்டினதும் அம்மா வந்துருவா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அவளே அதை வரிசை தப்பாமல் எனக்குத் திருப்பிச் சொல்லுகிறாள்.

இந்த ஜூனில் பிள்ளையை அனுப்பப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தும் எண்ணும் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கும், அதற்காக இப்போதே பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்காதீர்கள். முதல் நாள் நழுவிப் போகாதீர்கள். போகிறேன் என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் சரி. வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் வாசலில் நில்லுங்கள்.