தேன் தடவிய நற்சான்று

கேள்வி: வேலையில் சோடைபோன ஊழியர் நற்சான்று கேட்டால் மேலாளர் என்ன எழுதுவார்?

பதில்: பல இடங்களில் தாராளமாகப் புகழ்வார். தொல்லை விட்டால் போதும் என்ற நிம்மதி பேனாவில் தேன் தடவிவிடும். உள்ளதை எழுதினால் ஒருவர் பிழைப்பில் மண். மறைத்தால், முகம் தெரியாத இன்னொரு மேலாளர் தலையில் இடி.

இடி சில சமயம் எழுதியவர் மேலேயே திரும்பும். கலிபோர்னியாவில் பாலியல் புகாருக்கு ஆளான பள்ளி நிர்வாகி ஒருவரைப் பழைய பள்ளி நிர்வாகங்கள் மெச்சி அனுப்பின. புதிய பள்ளியில் மாணவி ஒருவரிடம் அவர் அத்துமீறியதாக வழக்கு வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பலாம். புகாரை மறைத்துப் புகழ்ந்தால் பொறுப்பேற்க நேரும் என்பதே 1997-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் சாரம். மறுபக்கம், கவனக்குறைவாகத் தாழ்த்தி எழுதினால் ஊழியரே நஷ்டஈடு கேட்கலாம் என்று 1994-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொல்லியிருந்தது.

அதனால்தான் பல கம்பெனிகள் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, அத்தோடு கையெழுத்து என்று நிறுத்திக்கொள்கின்றன. இதில் வம்பில்லைதான், ஆனால் நன்றாக உழைத்தவருக்கும் அதே நாலு வரிதான்.

ஜெர்மனியில் சான்று உண்மையாகவும் இருக்கவேண்டும், ஊழியரின் எதிர்காலத்தைக் கெடுக்காமலும் இருக்கவேண்டும். விளைவு, ஒரு ரகசியப் பாஷை. ‘முயற்சி செய்தார்’ என்றிருந்தால் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். மறைபொருள் வைத்து எழுதக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பாஷையோ சௌக்கியமாகப் புழங்குகிறது.