49-ஆவது மணி நேரம்

தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டால் அரசு 48 மணி நேரம் கண்ணில் வைத்துக் காக்கும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் நிஜமாகவே நல்ல திட்டம். எந்த மாநிலத்துக்காரர் என்று பார்க்காமல் இலவசமாக உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. சிக்கல் என்னவென்றால், முதுகுத்தண்டு முறிந்தவர் அதற்கப்புறமும் பல வருடம் உயிரோடு இருந்து தொலைக்கிறார். படுக்கைப்புண்ணும் மூத்திரக் குழாயும் 49-ஆவது மணியில் ஆரம்பிக்கிற சமாசாரங்கள்.

தலையில் அடிபட்டவர் பாடு இன்னும் ரசம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. விபத்தில் வரும் மூளைக்காயத்துக்கு அதில் தனி வரி கிடையாது. அவருக்குக் கை கால் அசைகிறது, கண் தெரிகிறது. ஊனச் சான்றிதழ் முகாமில், "நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டால், காலையில் தின்ற இட்லியே நினைவில் இல்லாத மனிதர் மரியாதையாக, "ஆமாங்க சார்" என்பார். பின்னால் நிற்கும் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்தான், பாஸ்வேர்டை மட்டும் அவர் மறக்கக் கூடாது.

தென்காசி அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி நடத்திக் காட்டினார். கை கால் திடமாக உள்ள அதிகாரிகளின் கோப்புகள்தான் மேசையை விட்டு அசைவதில்லை.

திங்கட்கிழமை மனுநாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாய்தளத்தை மறித்து நிறுத்தியிருக்கும் பைக்கைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.